கதிர்காமம் போகாத வேல்

கொழும்பில் ஆடிவேல் தொடங்கிய வரலாற்றை வழிவழியாக ஒரே மாதிரித்தான் சொல்லி வருகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பிலிருந்து கதிர்காமம் போவதென்றால் கரையோரமாக முந்நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட நடையும் மாட்டுவண்டியுமாகப் போகவேண்டும். கடைசிப் பகுதி காடு. காய்ச்சலையும் யானையையும் தண்ணீர்ப் பஞ்சத்தையும் அடியார்கள் பொறுத்துக்கொண்டார்கள். வாந்திபேதியை அரசாங்கம் பொறுத்துக்கொள்ளவில்லை. யாத்திரைக் கூட்டத்தில் கிளம்பும் நோய் ஊர்களுக்கும் தோட்டங்களுக்கும் பரவிவிடும் என்று பயந்து பிரித்தானிய ஆட்சி கதிர்காமப் பயணத்தைக் கட்டுப்படுத்தியது. செட்டியார் தெருவில் கொடுக்கல் வாங்கலும் வியாபாரமும் செய்துவந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமார் முருகனைப் பார்க்கப் போக முடியாவிட்டால் முருகனை நடத்திக்கொண்டு போவோம் என்று முடிவெடுத்தார்கள். 1874 முதல் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்ட வேல், காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் தேரில் வந்தது. எட்டு, ஒன்பது கிலோமீற்றர்தான். வழியெல்லாம் கரும்பு, பூந்தி, வளையல் கடைகள். தமிழரோடு சிங்களவரும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள்.

இதை ஒரு சரிவாகப் பார்ப்பவர்கள் உண்டு. காட்டைக் கடந்து போன நெஞ்சுரம் கடைசியில் கரும்புக் கடையோடு நின்றுவிட்டது என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிற்காலத்தில் கொழும்புத் தமிழர் வாழ்ந்த வாழ்க்கைக்கு அந்த வேல் ஒரு முன்மாதிரி என்றே சொல்வேன்: தொலைவில் இருந்த ஆபத்தை எடுத்துத் தினசரி நடக்கும் தெருவில் வைத்தாயிற்று. தமிழரின் வரலாற்று நினைவு கப்பல்களை விரும்புகிறது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, ஊர் மாலுமிகள் அதை அத்திலாந்திக் கடந்து செலுத்திக்கொண்டு போய் 1938இல் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு கப்பலைப் பற்றி எழுதிய அளவுக்கு, அதே ஆண்டுகளில் மெயில் ரயிலில் ஏறிக் கொழும்புக்கு வந்து முன்பின் தெரியாத நாலைந்து பேரோடு ஒரே அறையில் பாய் விரித்த ஆயிரக்கணக்கான இளைஞர்களைப் பற்றி நாம் எழுதவில்லை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இரண்டு ஊர்களின் கடந்த நூறு ஆண்டுகளைப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: அங்கே துணிகரம் என்பது போய்ச் சேருவதில் இருந்ததில்லை, போன இடத்தில் நாள்தோறும் இருந்து காட்டுவதில் இருந்தது. நீண்டு நின்ற சிநேகிதங்களும் அப்படி இருப்பதற்குத் தேவைப்பட்ட ஏற்பாடாகவே பிறந்தன. பிடித்ததால் சேர்ந்தவர்களைவிட, ஒரே இழப்புக்குச் சேர்ந்து கையெழுத்திட்டவர்களே கடைசிவரை சேர்ந்திருந்தார்கள்.

1905இல் வடக்குக்கான புகையிரதப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. அதுவரை பல நாட்கள் பிடித்த யாழ்ப்பாணம்–கொழும்புப் பயணம் ஓர் இரவுக்குள் அடங்கியது. அதே காலத்தில் மிஷன் பாடசாலைகளும், அவற்றுக்குப் போட்டியாக எழுந்த சைவப் பாடசாலைகளும் ஆங்கிலம் படித்த பையன்களை ஆண்டுதோறும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. ஊரில் இருந்தது வறண்ட நிலம், புகையிலை, பனை. இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் போதவில்லை. சிலர் மலாயா றெயில்வேக்குப் போனார்கள். மற்றவர்கள் லிகிதர் பரீட்சை எழுதிக் கொழும்புக்கு வந்தார்கள். துறைமுகம், தபால், சுங்கம், கச்சேரி, திறைசேரி என்று எல்லா அலுவலகங்களிலும் ஆள் தேவைப்பட்டது. மாதம் பிறந்ததும் ஊருக்குக் காசு போனது. அந்தக் காசில் தங்கைக்குச் சீதனமும் தம்பிக்குப் படிப்பும் வீட்டுக்குக் கிணறும் ஆயின. யாழ்ப்பாணத்தை மணியோடர் பொருளாதாரம் என்று ஆய்வாளர்கள் குறிப்பிட்டது இதனால்தான். 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில் இந்த வாழ்க்கையின் சின்னமாகிவிட்டது. அது ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது என்பதைச் சின்னத்தைக் கொண்டாடும்போது மறந்துவிடுகிறோம்.

இந்த லிகிதர்களுக்கு இருப்பிடம் தந்தது சமறி. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஒரு வீட்டை ஒருவர் பேரில் எடுப்பார்கள். ஆறேழு பேர் பகிர்ந்துகொள்வார்கள். ஊரிலிருந்து ஒரு சமையல்காரர். விறாந்தையில் சைக்கிள்கள். குசினி அலுமாரிக்குள் ஒரு கணக்குக் கொப்பி. அந்தக் கொப்பிதான் சமறியின் சட்டப்புத்தகம். அரிசி, தேங்காய், மீன், விறகு, சமையல்காரரின் சம்பளம் எல்லாம் அதில் ஏறும். மாத முடிவில் கூட்டி, சாப்பிட்ட நாட்களால் பிரித்து, ஆளுக்கு இவ்வளவு என்று எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி. விருந்தாளி வந்தால் அவர் சாப்பாடு அழைத்தவர் கணக்கில். பரீட்சை எழுத வந்த ஊர்ப் பையனுக்கு மட்டும் பெரும்பாலும் கணக்கில்லை; அவன் ஒரு கடிதத்தோடும் ஒரு பெட்டியோடும் வந்து விறாந்தையில் படுத்து, யாருக்காவது பதுளைக்கோ காலிக்கோ மாற்றம் வரும்வரை காத்திருந்து உள்ளே கட்டில் பிடிப்பான். சில வருஷங்களில் அவனே வீட்டுக்குப் பொறுப்பாளி. மாலையில் கடற்கரைத் தண்டவாளத்தோரம் நடை, ஞாயிறன்று சவோயிலோ ரொக்சியிலோ படம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அரசாங்க ரயில் வாறண்டில் ஊர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைவிடச் சலிப்பான ஒரு வாழ்க்கை இருக்க முடியாது.

அந்தச் சலிப்புக்குள் எவ்வளவு பணயம் இருந்தது என்பது காசைத் தொடர்ந்து போனால்தான் தெரியும். லிகிதரின் சம்பளம் நிரந்தரம், ஆனால் சின்னது. கலியாணம், காணி, நோய் என்று மொத்தமாகப் பணம் தேவைப்பட்டபோது வங்கி அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. செட்டிமாரும், சம்பள நாளில் அலுவலக வாசலில் வந்து நிற்கும் அப்கானியரும் கொடுத்தார்கள். வட்டி கழுத்தை நெரித்தது. 1934இல் வெளிவந்த இலங்கை வங்கி ஆணைக்குழுவின் அறிக்கைகூட இந்தக் கடன் உலகத்தை விரிவாகப் பேச நேர்ந்தது. கடன் வாங்குபவருக்குப் பக்கத்தில் கையெழுத்திட இன்னொருவர் வேண்டும். காசு கையாளும் உத்தியோகத்தர் என்றால் அரசாங்கத்துக்கும் பிணை காட்டவேண்டும். அந்த இன்னொருவர் யார்? அண்ணனும் மாமனும் நானூறு கிலோமீற்றருக்கு அப்பால். பக்கத்துக் கட்டில்காரர்தான் இருந்தார். அவர் போட்ட கையெழுத்து, கடனாளி ஓடினாலோ செத்தாலோ அவருடைய சம்பளத்தில் கைவைக்கும் கையெழுத்து.

சீட்டு இன்னும் தெளிவான சாட்சி. பத்துப் பேர் மாதாமாதம் ஒரே தொகை போடுகிறார்கள். மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுக்கிறார். முதலில் எடுப்பவர் மற்ற ஒன்பது பேரின் காசோடு மறைந்துவிடலாம். கடைசியில் எடுப்பவர் ஒன்பது மாதம் வெறும் நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுகிறார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. வழக்குப் போட்டால் வெல்வது கடினம். ஆகவே யார் எந்த மாதம் எடுப்பது என்ற வரிசை, அந்த வீட்டில் யாரை யார் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதன் வெளிப்படையான பட்டியல். தங்கையின் கலியாணத்துக்கு முதல் மாதத்தை ஒருவருக்கு விட்டுக்கொடுப்பது என்றால், மற்ற ஒன்பது பேரும் தங்கள் சேமிப்பை அவர் குணத்தின்மேல் வைத்தார்கள் என்று பொருள். அன்னபூரணியின் மாலுமிகளுக்காவது கடல் எப்படிக் கெடுக்கும் என்பது தெரியும்.

கணக்குப் பார்த்து வருவது சிநேகிதமா என்று ஒருவர் கேட்கலாம். நட்பைப் பற்றிப் பேசிய நம் பழைய நூல்கள் பயன் கருதிய தொடர்பைத் தாழ்வாகவே மதித்தன. கொடுக்கல் வாங்கல் நட்பைக் கெடுக்கும் என்று ஊரிலும் சொல்வார்கள். ஆனால் சான்று எதிர்ப்பக்கம் காட்டுகிறது. வெறும் அண்மையும் ஒன்றாகப் பொழுதுபோக்கியதும் நட்பை நிலைக்க வைக்குமென்றால் வெள்ளவத்தையில் வேறு பல நட்புகளும் வளர்ந்திருக்க வேண்டும். அதே ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பெரிய நெசவாலை ஒன்று இயங்கியது. அதன் தொழிலாளரில் கணிசமானோர் மலையாளிகள். அவர்களும் ஊரைவிட்டு வந்து கூட்டாகத் தங்கி, கூட்டாகச் சமைத்து, கேரளத்துக்குக் காசு அனுப்பியவர்கள்தான். 1933இல் அந்த ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளைஞர்கள் முன்னுக்கு வந்தார்கள்; இரண்டு வருஷத்தில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. மறுபக்கம் ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் மலையாளிகளுக்கு எதிரான பிரசாரத்தை நடத்திக்கொண்டிருந்தது. இத்தனையும் நடந்த ஊரில், அதே ரயிலில் ஏறி அதே கடற்காற்றை வாங்கிய தமிழ் லிகிதர்களுக்கு ஆலைத் தொழிலாளரோடு சொல்லும்படியான உறவு எதுவும் வளரவில்லை. இரு சாராருக்கும் பொதுவான சீட்டும் இல்லை, பொதுவான பிணையும் இல்லை. மலையாளிகள் விரட்டப்பட்டபோது லிகிதர் இழந்தது எதுவுமில்லை. இருபத்தைந்து வருஷத்தில் அதே பிரசாரம் தன் வாசலுக்கும் வரும் என்று அவர் எண்ணியதாகவும் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனைக்கு வரலாறு நீளம், அமைப்பும் வேறு. துறைமுகத்தின் முதுகில் வளர்ந்த ஊர் அது. புனித லூசியாள் பேராலயம், பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில், ஒல்லாந்தர் கட்டிய வுல்பெண்டால் தேவாலயம், பௌத்த துறவி மிகெட்டுவத்தே குணானந்தர் இருந்த தீபதுத்தாராம விகாரை எல்லாம் நடந்துபோகும் தூரத்துக்குள். 1902இல் தொடங்கப்பட்ட விவேகானந்த சபையும் அங்கேதான். பரதவர், கொழும்புச் செட்டிகள், திருநெல்வேலி வியாபாரிகள், துறைமுகத் தொழிலாளர், புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைகள் என்று கலந்து வாழ்ந்த இடம். இப்படிப்பட்ட இடங்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இயல்பாகவே ஒற்றுமையாக இருந்தார்கள் என்று எழுதுவது நம் வழக்கம். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு அன்று பௌத்த ஊர்வலம் ஒன்று அந்தத் தெருக்களில் வந்தபோது கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் கலவரம் மூண்டது. செட்டியார் தெருவிலிருந்து வேல் முதன்முதலில் வெளியே வந்து அப்போது ஒன்பது வருஷம். ஊர்வலம் போகும் தெரு எப்போது யாருடைய தெருவாகும் என்று சொல்ல முடியாத ஊரில் ஆண்டுதோறும் வேல் அமைதியாகப் போய் வந்ததைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அதற்குப் பின்னால் பலருடைய பேச்சுவார்த்தையும் விட்டுக்கொடுப்பும் இருந்திருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்தின் சமறி கடையின் பின்கட்டு. காரைநகர், புங்குடுதீவு, வேலணை போன்ற தீவுப்பகுதி ஊர்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு வயதில் பையன்கள் புறக்கோட்டைக் கடைகளுக்கு வந்தார்கள். இரவில் கடைப் பலகை பூட்டியபின் சாக்குகளுக்கிடையே படுக்கை. சம்பளம் முதலாளியின் ஐந்தொகையில் கிடக்கும். கேட்டால்தான் கைக்கு வரும். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, கூடப் படுத்த இருவரோ மூவரோ சேர்ந்து தனியாகக் கடை போடுவார்கள். ஒருவருக்குக் கணக்கு தெரியும், ஒருவருக்கு மொத்த வியாபாரிகளைத் தெரியும், ஒருவருக்குச் சிங்களம் நன்றாக வரும். தெற்கின் சின்னச் சின்ன நகரங்களில் இருந்த எத்தனையோ தமிழ்க் கடைகள் இந்தச் சாக்குப் படுக்கையில் பிறந்தவை. பங்குக் கடை நொடித்தால் மூன்று குடும்பமும் நொடிக்கும். லிகிதருக்கு இருந்த ஓய்வூதியம் என்ற தரை இவர்களுக்கு இல்லை. அதனாலோ என்னவோ, இந்தக் கூட்டாளிகளின் பிள்ளைகள் ஒருவரையொருவர் சித்தப்பா, பெரியப்பா மக்களாகவே கொண்டார்கள். இந்திய வம்சாவளிக் கடைக்காரரின் நிலைமை இதைவிட மோசம். 1948 பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகும் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகும், அதே தெருவில் இருபது வருஷம் இருந்தவர்களில் சிலர் தலைமன்னாரில் கப்பலேறினார்கள், சிலர் தங்கினார்கள். பாக்கிக் கணக்கை ஒரு கூட்டாளி மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டியிருந்தது. அதை நேர்மையாகத் தீர்த்து அனுப்பியவர்களும் உண்டு, விழுங்கியவர்களும் உண்டு.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று இருக்கிறது. இந்தச் சிநேகிதங்கள் யாருக்கு வாய்த்தன? சமறியில் இடம் கிடைக்க ஊர் பார்த்தார்கள். ஊர் பார்த்தால் சாதியும் பார்த்தாயிற்று. பழைய மாணவர் சங்கங்கள் கொழும்பில் கிளை விரித்தபோது, எந்தப் பாடசாலை உன்னை உள்ளே விட்டது என்ற கேள்வியும் ரயிலேறிக் கூடவே வந்தது. சமையல்காரர் அதே வீட்டில் படுத்தார், கணக்குக் கொப்பியில் செலவுப் பக்கத்தில் இருந்தார், சீட்டில் பெரும்பாலும் இல்லை. பெண்களுக்கு இந்த வழியே கிடையாது; கலியாணம் முடித்து ஒருவரின் மனைவியாக வெள்ளவத்தைக்கு வந்தவள், கணவனின் சமறி நண்பர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்ததோடு அவளுடைய பங்கு முடிந்தது. இதற்குப் பதில் சொல்லி மழுப்ப முடியாது. நான் சொல்லக்கூடியது, இந்த மறுப்பே என் வாதத்துக்கு இன்னொரு சான்று என்பதுதான். பணயத்தில் பங்கு யாருக்கு இல்லையோ அவர் சிநேகிதத்திலும் சேர்க்கப்படவில்லை. ஊரும் சாதியும் குறுக்கே நின்றன என்றால், கையெழுத்துப் போடத் தகுந்தவர் யார் என்பதை முடிவுசெய்யும் இடத்தில் நின்றன. 1942இல் உருவான கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற பொது அமைப்புகள், வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் நூலகமும் மண்டபமுமாக நிலைகொண்டு, ஊர் கேட்காமல் ஆட்களைச் சந்திக்க வைத்தன. அங்கே அறிமுகங்கள் நிறைய விளைந்தன. அறிமுகம் நட்பாவதற்கு மண்டபத்துக்கு வெளியே வேறு ஏதாவது நடக்கவேண்டியிருந்தது.

நடந்தது. 1958 மே மாதக் கலவரத்தில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. றோயல் கல்லூரி அகதி முகாமாயிற்று. அங்கிருந்து கப்பல்களில் ஆட்களை வடக்குக்கு அனுப்பினார்கள். ரயிலில் வந்தவர்கள் கடல்வழியே திரும்பிப் போனார்கள். வரலாற்று நூல்கள் வழக்கமாக இந்த இடத்தில் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்திய மாதங்கள். போனவர்களில் பெரும்பகுதியினர் திரும்பி வந்தார்கள். அதே அலுவலகத்துக்கு, பலர் அதே ஒழுங்கைக்கு. உத்தியோகத்தை விடமுடியாது, ஓய்வூதியம் போய்விடும் என்பது காரணம்; அதில் வீரம் பேச ஒன்றுமில்லை. ஆனால் முதன்முறை வந்தவனுக்கு என்ன நடக்கக்கூடும் என்று தெரியாது. இரண்டாம் முறை வந்தவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டு கோட்டை நிலையத்தில் இறங்கி, பஸ் பிடித்து, கதவைத் திறந்து, சமையலுக்கு அரிசி வாங்குவதைத் துணிவு என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது? தனியாக யாரும் அப்படித் திரும்பவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். நீ போகிறாயா, நானும் வருகிறேன் என்று ஊரில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டுதான் டிக்கெட் எடுத்தார்கள். 1977இல் மீண்டும் இதே கதை.

1983 ஜூலை அந்தக் கணக்கை உடைத்தது. கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தன. ஒழுங்கையில் நல்ல பெயர் எடுத்திருந்தால் போதும் என்ற நம்பிக்கை பட்டியலுக்கு முன்னால் எடுபடவில்லை. இரத்மலானை விமான நிலையத்திலும் பாடசாலைகளிலும் கோவில்களிலும் பல்லாயிரம் பேர் தஞ்சமடைந்தார்கள். சிங்கள அயலவர் பலர் தங்கள் வீட்டுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். இதைச் சொல்லும்போது இரண்டு விதமான ஆட்கள் குறுக்கிடுவார்கள். ஒருவர், அப்படியானால் பிரச்சினையே இல்லை, மக்கள் நல்லவர்கள் என்பார். இன்னொருவர், எரித்தவர்களை மறைக்கவே இந்தக் கதை என்பார். இருவரும் காப்பாற்றியவர் செய்ததன் கனத்தைக் குறைக்கிறார்கள். கதவைத் திறந்தவர் தன் வீட்டையும் பணயம் வைத்தார். கும்பல் கண்டுபிடித்தால் அவர் வீடும் எரியும். சமறியின் கையெழுத்து மொழி எல்லையைத் தாண்டியது அந்த இரவுகளில்தான். அதற்குப் பிறகு அந்தக் குடும்பங்களுக்கிடையே கனடாவுக்கும் கொழும்புக்குமாக நீண்ட உறவுகளை, முன்னே இருபது வருஷம் வேலிக்கு மேலால் பலகாரம் கொடுத்து வாங்கியதன் தொடர்ச்சி என்று சொல்வது போதாது. பலகாரம் எல்லா வேலிக்கும் மேலால்தான் போனது. கதவுகள் சிலவே திறந்தன. ஆடிவேலும் அந்த ஆண்டுக்குப் பிறகு தடைப்பட்டு, பல வருஷம் காலி வீதியைக் காணவில்லை.

இதற்குப் பிந்திய காலத்தைத் துணிகரம் என்ற சொல்லுக்குள் அடக்கலாமா என்பது மிகக் கடுமையான மறுப்பு. துணிந்து போகிறவன் திரும்பி வரலாம், போகாமலும் இருக்கலாம். துரத்தப்பட்டவனுக்கு இரண்டும் இல்லை. அவன் பட்ட பாட்டுக்கு அழகான பெயர் வைப்பது அவனைத் துரத்தியவர்களுக்குச் செய்யும் உதவி. இந்த எச்சரிக்கையை நான் ஏற்றுக்கொள்கிறேன். எரிந்த வீட்டிலிருந்து ஓடியதை யாரும் துணிகரம் என்று சொல்லவேண்டாம். நான் பேசுவது ஓடியவர் பிறகு தெரிந்தே செய்த சிறிய தேர்வுகளைப் பற்றி. 1990க்குப் பிறகு போர் முடியும்வரை யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்குப் போகவில்லை. போர் நடந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜுகளில் தங்கினார்கள். விசாவுக்குக் காத்திருப்பவர், வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளை கூப்பிடுவார் என்று காத்திருக்கும் பெண்ணும் தாயும், ஏஜென்சிக்குக் காசு கட்டிவிட்டு ஆறு மாதமாகப் பதில் இல்லாத இளைஞன். பொலிஸில் பதிவு செய்யவேண்டும். அடையாள அட்டையில் பிறந்த இடம் பார்த்தால் கேள்வி வரும். மாலை ஆறு மணிக்குப் பால் வாங்கப் போவதற்குக்கூட யோசிக்கவேண்டிய நாட்கள் அவை. இந்த லொட்ஜ் அறைகளில் முதன்முறையாக ஊர் பார்த்துச் சேரும் வசதி இல்லாமல் போனது. மன்னார்க்காரருக்கும் மட்டக்களப்பாருக்கும் வன்னியாருக்கும் ஒரே நடைபாதை, ஒரே குளியலறை, ஒரே வானொலி. பெண்களும் இம்முறை அறைக்காரர்களாகவே வந்தார்கள்.

2007 ஜூன் 7 அதிகாலை பொலிஸார் அந்த லொட்ஜுகளுக்குள் நுழைந்து 376 பேரை பஸ்களில் ஏற்றினார்கள். 85 பேர் பெண்கள். கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லை என்பது சொல்லப்பட்ட நியாயம். பெரும்பாலானோரை வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போக, மறுநாளே இந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விழுந்தது. பிறகு பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஏற்றப்பட்டவர்களில் பலர் கொழும்புக்கே திரும்பினார்கள். 1958இல் திரும்பிய லிகிதருக்கு உத்தியோகமும் சட்டபூர்வமான வாடகை வீடும் இருந்தன. இவர்களுக்கு இருந்தது வாடகைக்கு எடுத்த கட்டிலும், அடுத்த அறைக்காரர் எடுத்துவைத்த பெட்டியும்தான். ஒரு நாட்டின் தலைநகரில் தங்கியிருப்பதே துணிச்சலான செயலாகும் நிலை கொண்டாடத் தக்கதல்ல. அதைச் செய்தவர்களின் துணிச்சலை அதனால் இல்லையென்று ஆக்கிவிடவும் முடியாது.

சமறிகள் இப்போது இல்லை. அவை இருந்த ஒழுங்கைகளில் பத்து மாடி, பன்னிரண்டு மாடி எழுந்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து மல்லிகை இலக்கியச் சஞ்சிகையை நடத்திய டொமினிக் ஜீவா போன்ற, போரால் இடம்பெயர்ந்து வந்தும் கொழும்பைத் தங்கள் ஊராக்கிக்கொண்ட தலைமுறையும் முடிந்துவிட்டது. தொடர்மாடியில் யார் யாரையும் அறியார், ஆகவே இந்த வரலாறு இத்தோடு சரி என்பது இன்று பலரின் முடிவு. அவசரமான முடிவு அது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்க, எழுபதைத் தாண்டிய பெண்கள் தனியாக இருக்கிறார்கள். கணவன் உயிரோடிருந்த காலத்தில் சமறி நண்பர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தவர்கள் இவர்கள். இப்போது நாலாம் மாடிக்காரியும் ஏழாம் மாடிக்காரியும் சேர்ந்து சீட்டுப் போடுகிறார்கள். வீட்டுத் திறப்பின் மறுபிரதியை ஒருவரிடம் மற்றவர் கொடுத்து வைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது படிவத்தில் கையெழுத்திடுபவரும் அவர்தான், உறவுமுறை என்ற கட்டத்தில் தாதி என்ன எழுதுவதென்று கேட்டால் சகோதரி என்று சொல்லிவிடுகிறார்கள். ஒருவர் சாவகச்சேரி, மற்றவர் மூதூர். ஊரில் இருந்திருந்தால் சந்தித்தே இருக்கமாட்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு பிடிப்பதில்லை. முன்பின் தெரியாதவளிடம் திறப்பைக் கொடுப்பதா என்று தொலைபேசியில் கோபிக்கிறார்கள். அம்மாமார் கேட்டுக்கொண்டு, திறப்பைத் திரும்ப வாங்காமலே விட்டுவிடுகிறார்கள்.